கைமாத்தாகப் போன தகரம்

9

ஞானராஜ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"அண்ணி எங்க?"

"பட்டறையிலதான். என்னாச்சுங்க?"

"லைசென்ஸ் ஆபீசர் இன்னிக்கே வர்றாரு. தருமபுரியில பஸ் ஏறிட்டாராம். அங்க பாத்த சவரிமுத்து நம்மூரு தபாலாபீசுக்குப் போன் போட்டுச் சொன்னான்."

ராஜமேரி ராகி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அடுத்த வாரம்னுதான சொன்னாங்க?"

"சொன்னாங்க. வர்றது இன்னிக்கு. மொதல்ல அந்த ஸ்டாக் புஸ்தகத்த எடு."

சென்னைத் துறைமுகத்திலிருந்து தகரம் வந்து இறங்கிய சந்தோஷம் அந்த வீட்டில் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. புருஷன் போன பிறகு பட்டறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டவள் சாலம்மாள். கொழுந்தன் ஞானராஜ் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி அவள் பெயருக்கு வாங்கி வந்தது அந்த இறக்குமதி லைசென்ஸ். பாப்பாரப்பட்டித் தகரக்காரத் தெருவில் அது கிடைத்த ஒரே பட்டறை அவளுடையது.

வந்தது புதுத் தகரமில்லை. எந்தத் தேசத்திலோ டப்பா செய்கிற ஆலை, அச்சு பிசகிவிட்டது என்று கழித்துப் போட்ட தகடுகள். ஒன்றில் மீன் ஒரு பக்கமும் அதன் நீல நிறம் இன்னொரு பக்கமுமாக விலகி இருக்கும். இன்னொன்றில் ஏதோ ஒரு பழம் பாதியோடு நின்றுவிடும். அவர்கள் குப்பை என்றது இங்கே சிம்னி விளக்காகவும் புனலாகவும் எண்ணெய் டின்னாகவும் ஆகும்.

குப்பைதான் என்றாலும் நினைத்தவர் நினைத்தபடி வரவழைத்துவிட முடியாது. நாட்டில் அந்நியச் செலாவணிப் பஞ்சம். சொந்தப் பட்டறை வைத்து, அங்கேயே அதைப் பொருளாக்குகிறவருக்கு மட்டும்தான் லைசென்ஸ். ஒரு தகட்டைக்கூட விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. லைசென்ஸோடு வந்த ஆங்கிலத் தாளை ராஜமேரி வரிவரியாகத் தமிழில் சொல்லி முடித்தபோது, வந்த தகரத்தில் இரண்டு கட்டு ஏற்கெனவே தெருவைத் தாண்டிப் போயிருந்தது. எதிர்ச்சாரியில் இருக்கும் சென்றாயனுக்குச் சாலம்மாள் அதைக் கைமாத்தாகக் கொடுத்திருந்தாள்.

தகரக்காரத் தெருவில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஒரு வீட்டில் தகரம் தீர்ந்தால் அடுத்த வீட்டில் எடுப்பார்கள். கிடைக்கிறபோது எடைக்கு எடை திரும்பி வரும். யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் கேட்டவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

ராஜமேரி ஸ்டாக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புருஷன் பின்னால் போனாள்.

பட்டறை வீட்டின் பின்கட்டிலேயே இருந்தது. உள்ளே நவச்சாரப் புகை. ஈயம் பற்றவைக்கிற இரும்பை அதில் உரசும்போதெல்லாம் வெள்ளையாகக் கிளம்பும். அமோனியம் குளோரைடு என்று ராஜமேரி கல்லூரியில் படித்திருக்கிறாள். சூடுபட்டால் இரும்பின் மேல் படிந்த கசட்டைத் தின்றுவிடும், அதனால்தான் ஈயம் ஒட்டுகிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் இரண்டு தகட்டு விளிம்புகளுக்கு நடுவில் ஈயம் ஒரே கோடாக ஓடுவதைக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். சாலம்மாள் கை வைத்தால் அது நடுவில் நிற்காது, சொட்டாது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

"அண்ணி, அந்த இரும்பக் கீழ வைங்க" என்றான் ஞானராஜ்.

"வெச்சா ஆறிடும். நீ சொல்லு, காது சும்மாதான இருக்குது."

சொன்னான். சாலம்மாள் ஈயக் கோட்டை ஓட்டி முடித்தாள். விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் இரும்பைக் கீழே வைத்தாள்.

"வரட்டும். வர்றவரு வந்துதான ஆவணும்?"

"சென்றாயனுக்குக் குடுத்த ரெண்டு கட்டும் இப்பவே இங்க வரணும் அண்ணி."

"எப்பிடி வரும்? நாளைக்கு சந்தை. அவரு எப்பவோ வெட்டி முடிச்சிட்டாரு."

மூலையில் புனல் மடக்கிக்கொண்டிருந்த பச்சியப்பன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "வெட்டுன தகரத்த மறுபடி ஒட்டித் தரச் சொல்லலாமுங்க."

யாரோ சிரித்தார்கள். ஞானராஜ் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

அதற்குள் சங்கதி எதிர்ச்சாரிக்கு எட்டிவிட்டது. சென்றாயன் ஒரு பெரிய கூடையைச் சாக்கு போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கூடைக்குள் விளக்குகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன.

"தங்கச்சி, எங்க ஒளிக்கறதுன்னு சொல்லு. வைக்கப்போருல சொருவிடட்டுமா?"

"மண்ணெண்ண வெளக்க வைக்கப்போருல வெக்கறதா? நல்ல யோசனதாண்ணா. தகரமும் போவும், மாட்டுத் தீனியும் போவும்."

"வெளையாடாத தங்கச்சி. எல்லாத்து மேலயும் மீன் போட்டிருக்குது. இந்த ஊருல வேற யாருகிட்ட மீன் போட்ட தகரம் இருக்குது? பாத்த ஒடனே தெரிஞ்சிடும்."

ஞானராஜ் முன்னால் வந்தான். "ஒளிக்க வேணாம். இங்கயே அடுக்குங்க, நம்ம வெளக்கோட சேத்து. இங்க செஞ்சதுன்னு சொல்லிடலாம். கேட்டா நீங்க எங்க பட்டறையில கூலிக்கு வேல செய்யறவருன்னு சொல்லிடுங்க."

சென்றாயன் தலையிலிருந்த கூடையை இறக்கி வைத்தார். பிறகு, "சொல்லிட்டாப் போச்சு" என்றார். "எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

"கொறையும்" என்றாள் சாலம்மாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுக்காரரு போனப்ப, பாதியில நின்ன ஆர்டர உங்க வூட்டுத் தகரத்த எடுத்தாந்து முடிச்சுக் குடுத்தவரு நீங்க. அப்ப ஒரு வார்த்த கேக்கல, எப்பத் தருவேன்னு. இன்னிக்கு உங்களக் கூலிக்காரருன்னு சொல்லி நான் லைசென்ஸக் காப்பாத்திக்கணுமா? கூடையத் தூக்கிக்கினு வூட்டுக்குப் போங்கண்ணா. சந்தைக்குத் தயார் பண்ணுங்க."

"நாயம் பேசினா தகரம் வராது அண்ணி" என்றான் ஞானராஜ். குரல் உயர்ந்துவிட்டது. "ஏப்ரல் மாசம் புதுப் பாலிசி வருது. இனிமே தகரமெல்லாம் சர்க்கார் கம்பெனி வழியாத்தானாம். பழைய லைசென்ஸ்ல கரும்புள்ளி விழுந்திருந்தா நம்ம பேரையே அடிச்சிடுவாங்க. பச்சியப்பன் வூட்டுல ஒல கொதிக்கறது இந்தத் தகரத்துலதான். எல்லாரு வூட்டுலயுந்தான். நம்ம வூட்டுலயுந்தான்."

அது உண்மை என்று சாலம்மாளுக்கும் தெரியும்.

ஞானராஜ் ராஜமேரியின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைப் புரட்டி அவள் முன்னால் நீட்டினான்.

"வெட்டினது ஒரு கட்டுன்னு இருக்குதில்ல? மூணுன்னு எழுது. ரெண்டும் இங்கயே வெட்டினதாவே இருக்கட்டும்."

ராஜமேரி பேனாவைத் திறந்தாள். புருஷன் சொன்ன எதையும் அவள் இதுவரை மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசியதே இல்லை. கல்லூரியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன்' என்று சொல்வதற்கே தோழி முழங்கையால் இடிக்க வேண்டியிருக்கும்.

பேனா முனை தாளுக்கு மேலே நின்றது.

"எழுதாத கண்ணு" என்றாள் சாலம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள். "படிச்ச கையி. அத இதுக்குப் பழக்காத."

ராஜமேரி பேனாவை மூடினாள். ஞானராஜ் விருட்டென்று வெளியே போனான். கோபம்தான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். ராஜமேரிக்கு அது கோபமாகத் தெரியவில்லை. பயமாகத் தெரிந்தது. இரண்டு கட்டுக்கு அவ்வளவு பயம் அதிகம் என்று பட்டது.

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

வந்தவர் பெயர் வெங்கடாசலம். ஜீப் இல்லை, பியூன் இல்லை. ஒரு கையில் குடை, ஒரு கையில் துணிப்பை, தோளில் தண்ணீர் பிளாஸ்க். தெருமுனையில் நின்று சட்டைக் காலரில் படிந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர்.

சாலம்மாள் தெருவுக்கு இறங்கிப் போய் வரவேற்றாள்.

"வாங்க சார். மொதல்ல காப்பி சாப்புடுங்க."

"வேண்டாம்மா. பரிசோதனைக்குப் போற இடத்துல நான் எதுவும் சாப்பிடறதில்ல."

"தண்ணியாவது?"

அவர் தோளிலிருந்த பிளாஸ்கைத் தட்டிக் காட்டினார்.

"அடேயப்பா" என்றாள் சாலம்மாள். "எங்க ஊருத் தண்ணிக்கும் லைசென்ஸ் வேணும்போல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க, குடையை மடக்குவதில் மும்முரமானார். மடக்கிவிட்டுப் படியில் கால் வைக்கப் போனார்.

"சார், உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறங்க" என்றாள் சாலம்மாள். "வந்த தகரத்துல ரெண்டு கட்டு எங்க பட்டறையில இல்ல. எதுத்த வூட்டு சென்றாயண்ணனுக்குக் கைமாத்தாக் குடுத்திருக்கறேன். குடுக்கக் கூடாதுன்னு எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பனா மாட்டனான்னு கேட்டீங்கன்னா, அது எனக்கே தெரியலீங்க."

தெருவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. பச்சியப்பன் பட்டறை வாசலில் கையில் புனலோடு நின்றான். ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.

அதிகாரி காலைப் படியிலிருந்து எடுத்தார்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையேம்மா."

"நீங்க கேட்டு நான் சொன்னா, பயந்து சொன்னதாப் போயிடுமுங்க."

ராஜமேரி கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். பயமாக இருந்தது. அதே சமயம், யாருக்காகவோ பெருமையாகவும் இருந்தது. இந்த வார்த்தையைச் சொன்னவள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், தன் பெயருக்கு வந்த லைசென்சைப் படிக்கத் தெரியாதவள் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. தனக்கு இப்படி ஒரு குரல் இல்லையே என்றுதான் தோன்றியது.

"சட்டத்துல கைமாத்துன்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றார் வெங்கடாசலம். "குடுத்தா குடுத்ததுதான்."

"அந்தச் சட்டம் எதுக்குங்க போட்டது?"

அவர் யோசித்தார். யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"காகிதத்துல மட்டும் பட்டறை நடத்தறவங்க இருக்காங்க. லைசென்ஸ்ல வர்ற தகரத்தக் கட்டுப் பிரிக்காமலே கறுப்பு மார்க்கெட்ல தள்ளிடுவாங்க. கப்பல்லேர்ந்து எறங்கற எடத்துலயே விலை பேசி முடிச்சிடுவாங்க. நிஜமா வேல செய்யறவனுக்குத் தகரம் கெடைக்காது. அவனுக்குக் கெடைக்கணும்னுதான் சட்டம்."

"அப்ப நான் குடுத்த தகரம் யாருகிட்டப் போச்சுன்னு நீங்களே வந்து பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுச் சாலம்மாள் தெருவைக் கடந்தாள். அதிகாரிக்கு அவள் பின்னால் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சென்றாயன் வீட்டு முன்கூடத்தில் விளக்குகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மீன். சென்றாயனின் மனைவி குள்ளம்மாள் ஒரு சின்னக் கத்திரியால் ஓரத்தில் மிஞ்சிய துண்டுகளைத் திரிமூடியாக வெட்டிக்கொண்டிருந்தாள். அதிலும் மிஞ்சிய துணுக்குகள் ஒரு கொட்டாங்கச்சியில் கிடந்தன. கீழே ஒன்றும் சிதறியிருக்கவில்லை.

வெங்கடாசலம் ஒரு விளக்கை எடுத்துத் திருப்பினார்.

"மீன் தலைகீழா நீந்துதே."

"எண்ண ஊத்துனா நேரா நீந்துமுங்க" என்றார் சென்றாயன். பயத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யாருக்கு இவ்வளவு விளக்கு?"

"வத்தல்மலைக்காரங்க நாளைக்கு சந்தைக்கு எறங்குவாங்க. மேல போனா மழைக்கு அப்பறந்தான் கீழ வருவாங்க. மீன் வெளக்குதான் வேணும்னு சொல்லியுட்டிருக்காங்க. அங்க மீனும் இல்ல, கரண்டும் இல்லீங்க."

"உங்க பேரு சென்றாயனா? தகர ஒதுக்கீட்டுக்கு நீங்களும் மனு போட்டீங்க இல்ல?" அதிகாரி நினைவுபடுத்திக்கொண்டார். "பட்டறையில மின் இணைப்பு இல்லைன்னு திருப்பி அனுப்பினோம். திருப்பினது நான்தான்."

குள்ளம்மாள் கத்திரியை நிறுத்தினாள்.

"கரண்ட் இல்லாத ஊருக்கு வெளக்கு செய்ய எங்களுக்குக் கரண்ட் எதுக்குங்க?"

"அடியே" என்றார் சென்றாயன்.

வெங்கடாசலத்துக்குக் கோபம் வரவில்லை. விளக்கை எடுத்த இடத்திலேயே வைத்தார். மீனின் தலை மேலே இருக்கும்படி திருப்பி வைத்தார். கொட்டாங்கச்சியில் இருந்த துணுக்குகளை விரலால் அளைந்து பார்த்தார். அவருடைய வேலையில் எத்தனையோ பட்டறைகளுக்குப் போயிருப்பார். பூட்டிக் கிடந்த பட்டறைகள், அவர் வருகிற அன்றைக்கு மட்டும் ஆள் பிடித்து உட்கார வைத்த பட்டறைகள். அவற்றைப் பார்த்தவருக்குத்தான் கடைசித் துணுக்குவரை பொருளாக மாறியிருந்த இந்தத் தகரத்தின் அருமை தெரியும்.

தெருவுக்கு வந்ததும் சொன்னார்:

"அம்மா, நான் பார்த்தத எழுதுவேன். கொடுத்தது தப்புன்னும் எழுதுவேன், அது கறுப்பு மார்க்கெட்டுக்குப் போகலன்னும் எழுதுவேன். முடிவு மேல இருக்கறவங்களோடது. ஆனா மத்த இருப்பு சரியா இருந்தா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்கன்னு நெனைக்கிறேன். வாங்க, எண்ணிடலாம்."

பட்டறையில் இருந்த எல்லோருக்கும் மூச்சு திரும்பி வந்தது. பச்சியப்பன் ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தான். சாலம்மாள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

பின்னறை இருட்டு. சாக்குப் போட்டு இரும்புப் பட்டை அடித்த கட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. வெங்கடாசலம் ஒவ்வொன்றையும் குடை நுனியால் தட்டினார். பிறகு புத்தகத்தைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வந்தது எட்டு. வெட்டினது ஒண்ணு. எதிர்வீட்டுக்கு ரெண்டு. மீதி அஞ்சு இருக்கணும்."

மறுபடி உள்ளே போய்த் தட்டினார்.

"நாலுதான் இருக்கு."

சாலம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"ஒரு கட்டு குறையுது. எதிர்வீட்டுக்குப் போனத என்னால கண்ணால பார்த்து எழுத முடிஞ்சது. இத என்னன்னு எழுதுவேன்? வெளியில வித்ததாத்தான் எடுத்துக்குவாங்க. லைசென்ஸ் போயிடும்மா. சென்றாயனுக்குக் குடுத்ததும் அந்தக் கணக்குலயே சேர்ந்துடும்."

சாலம்மாள் அந்த நாலு கட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்க போச்சுன்னு எனக்குத் தெரியலீங்க. தெரியாதத நான் சொல்ல முடியாது. ஆனா இது எம் பேருல வந்த தகரம். எங்க போயிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவ நான். அப்பிடியே எழுதிக்கங்க."

பச்சியப்பனுக்குத் தாங்கவில்லை. "அம்மா, மாதா மேல சத்தியமா நாங்க யாரும்..." என்று ஆரம்பித்தான்.

"உன்ன யாருடா கேட்டா? போயி வேலையப் பாரு" என்றாள் அவள். அந்த அதட்டலில் அவன் மேல் துளி சந்தேகமும் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

ராஜமேரி கதவோரமாக நின்று, அதிகாரி கையில் விரிந்திருந்த புத்தகத்தின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வரவு: 8 கட்டு.' அவளுடைய கையெழுத்து. உருண்டையான, சாய்வில்லாத எழுத்து.

தகரம் வந்த அன்றைக்குச் சாலம்மாள் ஊரில் இல்லை. கோவிலூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தாள். லாரியோடு கூட வந்த ஞானராஜ்தான் ஆட்களை வைத்து இறக்கினான். ராஜமேரி அடுப்படியில் இருந்தாள். 'எட்டு, எழுதிக்க' என்று அவன் குரல் கொடுத்தான். அவள் கை கழுவிக்கொண்டு வந்து எழுதினாள். பின்னறைப் பக்கம் போகவே இல்லை.

ஆய்வகத்தில் ஒருமுறை, பக்கத்துப் பெண் படித்துச் சொன்ன அளவை அவள் தன் நோட்டில் எழுதிவிட்டாள். பேராசிரியை அந்தத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்தார். திட்டவில்லை. 'உன் கண் பார்த்ததை மட்டும் எழுது' என்றார், அவ்வளவுதான்.

அதிகாரி பையிலிருந்து தாளை எடுத்தார்.

"சார்."

யார் கூப்பிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தார்.

"சார், எட்டுன்னு எழுதினது நானுங்க." கதவுக்குப் பின்னாலிருந்து ராஜமேரி வெளியே வந்தாள். குரல் உடைந்து வந்தது. ஆனாலும் வந்தது. "நான் எண்ணிப் பாக்கலீங்க. அக்கா அன்னிக்கு ஊருலயே இல்ல. வந்தது எட்டுதானான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதிட்டேன். அக்காவ எழுதாதீங்க. இந்தத் தப்பு என்னோடது."

சாலம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஓரடி நகர்ந்து, அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"சரிம்மா" என்றார் வெங்கடாசலம், மிகவும் தன்மையாக. "நீங்க எண்ணல. அப்ப எட்டுன்னு சொன்னது யாரு?"

ஒரே ஒரு சொல்தான். அதைச் சொன்னால் இந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. சொல்லாவிட்டால் அக்கா பேரில் எழுதப்படும். வாயைத் திறந்தாள்.

"நான்தாங்க."

வாசலிலிருந்து ஞானராஜ் உள்ளே வந்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். இவளா பேசியது என்பது போல ஒரு நொடி பார்த்துவிட்டு அதிகாரியின் பக்கம் திரும்பினான்.

"நான்தான் சொன்னேன். பேரு ஞானராஜ். அவ பேர எழுதாதீங்க, அண்ணி பேரையும் எழுதாதீங்க."

"கட்டு எங்க?"

"சொல்றங்க. அதுக்கு முன்ன அண்ணிகிட்டத் தனியா ஒரு வார்த்த பேசிக்கறேன்."

"தனியா எதுக்கு?" என்றாள் சாலம்மாள். "நான் தெருவுல நின்னு சொன்னேன். உம் பொண்டாட்டி இத்தன பேருக்கு முன்னால சொன்னா. நீயும் இங்கயே சொல்லு தம்பி."

ஞானராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"எட்டும் வந்துச்சு அண்ணி. சேலத்துலயே நல்ல வெலைக்குக் கேட்டாங்க. மாதா மேல ஆணையா, ஒரு தகட்ட நான் விக்கல. ஏழு இங்க எறங்குச்சு. ஒண்ணு இதே தெருவுல வேற வூட்டுல எறங்குச்சு."

"கைமாத்தாவா?"

அந்தக் கேள்விக்கு நேராக வராமல் அவன் வேறு பேச்சை எடுத்தான்.

"நீங்க ரெண்டு கட்டு குடுத்ததுக்கு நான் அவ்வளவு கத்தினேன்" என்றான். "அப்பறம் எந்த வாயால நான் இத உங்ககிட்ட சொல்றது?"

"யாரு வூட்டுல?"

அவன் தெருப்பக்கம் பார்த்தான். பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

சாலம்மாள் அதிகாரியின் கையில் குடையை எடுத்துக் கொடுத்தாள். "வாங்க சார். இன்னும் ஒரு வூடு பாக்க வேண்டியிருக்குது." கொழுந்தனைப் பார்த்துச் சொன்னாள்: "சொல்ல முடியலன்னா நடந்து காட்டு. முன்னால போ."

ஞானராஜ் தெருவில் இறங்கினான். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. எல்லாப் பட்டறைகளிலும் தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. சுத்தியலும் கையுமாக ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

ராஜமேரி எப்போதும் அவனுக்குப் பத்தடி பின்னால்தான் நடப்பாள். இன்றைக்கு வேகமாக எட்டு வைத்து அவனுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் நேராகப் பார்த்து நடந்தாள்.

சென்றாயன் வீட்டு வாசலைத் தாண்டினார்கள். அடுத்த வீட்டைத் தாண்டினார்கள். தெருக்கோடியில் ஒரு வீடு மட்டும் கதவு சாத்தியிருந்தது. ஞானராஜ் அந்த வீட்டுக்குத்தான் போகிறான் என்று தெரிந்ததும், பின்னால் வந்துகொண்டிருந்த சாலம்மாளின் நடை அன்றைக்கு முதல் முறையாகத் தயங்கியது.

(தொடரும்)